வயல் தண்ணீருக்கு நற்சான்று கொடுத்தது யார்?

"இப்போது வரும் மருந்தெல்லாம் சில நாளில் சிதைந்துவிடும். டிடிடி காலம் மலையேறிவிட்டது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை." பூச்சிமருந்து, களைக்கொல்லி என்று பேச்செடுத்தால் மருந்துக்கடை முதல் கருத்தரங்கு மேடை வரை கிடைக்கிற பதில் இதுதான். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மூன்றில் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது இடம் மாறி வந்த ஆறுதல். மூன்றாவது, பெரும்பாலான நேரங்களில் சோதனை தாங்காத முடிவு. இவற்றை நம்பி மடையைத் திறந்துவிடுகிறோம் என்பதால், ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

காவிரிப் படுகையில் நடவு முடிந்த மூன்றாம் நாளைப் பார்ப்போம். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. ஆகவே களைக்கொல்லி. பூட்டாகுளோர் என்றால் ஏக்கருக்கு ஒரு லிட்டர். அதில் வீரியப் பொருள் 500 கிராம். 20 கிலோ மணலில் பிசறி, இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் வயலில் சீராக விசிறுகிறார்கள். இந்த அளவு விவசாயி தானாக வகுத்துக்கொண்டது அல்ல. ஹெக்டேருக்கு 1.25 கிலோ வீரியப் பொருள், 50 கிலோ மணல் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. விசிறிய பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடிக்கக் கூடாது, புதுத் தண்ணீரும் கட்டக் கூடாது என்பதும் அதே பரிந்துரை. அந்த இரண்டு மூன்று நாள், களை முளைக்காமல் இருப்பதற்கான கணக்கு. வடிகாலில் இறங்கும் தண்ணீர் தெளிவதற்கான கணக்கு அல்ல.

இனி எளிய கணக்கு ஒன்று. ஓர் ஏக்கரில் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். அதில் 500 கிராம் கரைந்தால் லிட்டருக்கு 5,000 மைக்ரோகிராம். மருந்தில் ஒரு பங்கைச் சேறு உடனே பிடித்துக்கொள்ளும். எனவே இது உச்சக் கணக்கு. பாதியைச் சேறு வாங்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம்; மீதம் 2,500. அது இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் மடையைத் திறந்தால் வெளியேறும் தண்ணீரில் லிட்டருக்கு 850 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும். குடிநீரில் பூட்டாகுளோருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 வகுத்த வரம்பு 125. அந்த அளவுக்கு இறங்க எட்டரை நாளுக்கு மேல் ஆகும். "விரைவில் சிதையும்" என்பது உண்மைதான். ஆனால் மருந்து சிதைவதற்கு முன்பே மடை திறந்துவிடுகிறது என்பதும் உண்மை.

வயல் தண்ணீர் குடிநீர் இல்லையே என்று உடனே கேட்பார்கள். வயல் தண்ணீர் வயலோடு நின்றுவிடுவதில்லை. மேல்மடை வயலில் நின்றது கீழ்மடைக்குப் போகிறது, அங்கிருந்து வடிவாய்க்காலுக்கு, அங்கிருந்து குளத்துக்கு. வடிவாய்க்காலில் மாடு வாய் வைக்கிறது. அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்கிறது. குரவையும் கெளுத்தியும் குஞ்சு பொரிப்பது அந்தத் தண்ணீரில்தான். வாய்க்காலை ஒட்டிய கைபம்பில் ஏறுவதும் அதில் ஒரு பங்குதான்.

'காத்திருப்புக் காலம்' என்று மருந்து டப்பாவில் அச்சிட்டிருக்கும் நாள் கணக்கையும் சிலர் காட்டுவார்கள். அது கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி. தானியத்தில், காயில் மிஞ்சும் எச்சத்துக்காக வகுத்தது. தண்ணீருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

'பாதியாகும் காலம்' என்ற எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அது ஆய்வகத்தில் தெளிந்த நீரில், நிலையான வெப்பத்தில், குறிப்பிட்ட அமில காரத் தன்மையில் அளந்தது. நெல் வயலில் எதுவும் நிலையாக இல்லை. உச்சி வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, தண்ணீர் காரமாகிறது, பி.எச். 9ஐத் தாண்டுவதும் உண்டு. இரவில் அது மீண்டும் இறங்குகிறது. கார நீரில் வேகமாக உடையும் கார்போஃபியூரான் போன்ற மருந்து பகலில் ஒரு வேகத்திலும் இரவில் ஒரு வேகத்திலும் சிதையும். வெயிலில் சிதையும் இமிடாகுளோபிரிட் தெளிந்த நீரில் சில மணி நேரத்தில் குறையும். கலங்கிய நீரில், பயிர் மூடிய நிழலில் அந்த வேகம் கிடையாது. சேற்றுக்குள் ஆக்சிஜனே இல்லை. அங்கே நடக்கும் வேதிவினை வேறு. ஒரே வயலில், ஒரே மருந்துக்கு, ஒரே நாளில் பல வேகங்கள். இவற்றையெல்லாம் ஒற்றை எண்ணில் அடக்கி அதை உத்தரவாதமாக நீட்டுவது அறிவியல் இல்லை.

இதைவிடப் பெரிய கேள்வி, மருந்து எதுவாகச் சிதைகிறது என்பது. சிதைவது என்றால் இல்லாமல் போவது என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. வேதியியலில் ஒரு மூலக்கூறு உடைந்தால் இன்னொரு மூலக்கூறு வருகிறது. வருவது சில நேரம் சாது. சில நேரம் தாயைவிட நீடித்தது, சில நேரம் தாயைவிடக் கொடியது. எண்டோசல்ஃபான் மண்ணில் எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டாக மாறுகிறது. நச்சில் தாய்க்குச் சளைத்ததல்ல, ஆயுளில் தாயைவிட நீண்டது. குளோர்பைரிபாஸ் தண்ணீரில் எளிதில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கிடக்கும். அது உடைந்து வரும் டிசிபி தண்ணீரில் நன்றாகக் கரைந்து மண்ணைத் தாண்டி ஓடும். அதே குளோர்பைரிபாஸ் ஆக்சானாக மாறும்போது நரம்பு மண்டலத்தைத் தாக்குவதில் தாயை மிஞ்சுகிறது. இந்த மாற்றம் குளோரினாலும் நடக்கும். கிருமியைக் கொல்ல மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே, அங்கேயும் அதற்கு வாய்ப்பு உண்டு. நெல்லுக்குப் போடும் ஃபிப்ரோனில் வெயிலில் ஒன்றாகவும், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இன்னொன்றாகவும் மாறுகிறது. இரண்டும் நீர்ப்பூச்சிகளுக்கு விஷம்தான்.

டிடிடி காலம் போய்விட்டது என்ற ஆறுதலின் நிலையும் இதுதான். பறவை முட்டைகளின் ஓடு மெலிந்து குஞ்சு பொரிக்காமல் போனதற்கு முதன்மைக் காரணம் டிடிடி அல்ல, அது சிதைந்து வந்த டிடிஇ. அந்த வரலாற்றிலிருந்து கற்க வேண்டிய முதல் பாடமே சிதைவுப் பொருளையும் தேடு என்பதுதான். பாடத்தை விட்டுவிட்டு, காலம் போய்விட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். சோதித்தாயிற்று, ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் நடந்தது இது. மக்காச்சோளத்துக்கு அலாகுளோர் என்ற களைக்கொல்லியைப் பெருமளவில் பயன்படுத்திய காலம். கிராமப்புறக் கிணறுகளில் மலிவான நோயெதிர்ப்புப் பொருள் சோதனை ஒன்றைச் செய்தார்கள். பல கிணறுகளில் அலாகுளோர் இருக்கிறது என்றது சோதனை. அதே தண்ணீரை விலையுயர்ந்த கருவியில், அதாவது கேஸ் குரோமட்டோகிராஃபியும் நிறைமாலைமானியும் இணைந்த கருவியில் வைத்துப் பார்த்தபோது அலாகுளோர் இல்லை. மலிவுச் சோதனை தவறாகக் காட்டுகிறது என்று முடிவு கட்டியிருக்கலாம். சிலர் அப்படி விடாமல் தோண்டிப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரில் இருந்தது அலாகுளோர் மண்ணில் சிதைந்து உருவான ஈத்தேன்சல்ஃபோனிக் அமிலம். மலிவுச் சோதனை அதன் சாயலைக் கண்டு குரல் கொடுத்தது. ஆவியாக்கிப் பார்க்கும் கருவிக்கோ, ஆவியாகாத அந்த அமிலம் கண்ணிலேயே படவில்லை. பிறகு அயோவா மாநிலத்தின் நிலத்தடி நீரை ஆராய்ந்தபோது, இந்தக் குடும்பத்துக் களைக்கொல்லிகளின் சிதைவுப் பொருட்கள் தாய் மருந்தைவிட அடிக்கடியும் அதிகமாகவும் தென்பட்டன.

நம் நெல் வயலில் விழும் பூட்டாகுளோரும் பிரெடிலாகுளோரும் அதே குடும்பம். வெள்ளம் நிற்கும் சேற்றில் இவை சிதையும் வழி மேட்டு நிலத்து வழியிலிருந்து வேறுபடும். ஆகவே அயோவாவில் கண்டதே இங்கும் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. எதைத் தேட வேண்டும் என்றே முடிவு செய்யாமல் "ஒன்றும் இல்லை" என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது என்று சொல்கிறேன். விரால் வலையை வீசிவிட்டு, குளத்தில் அயிரையே இல்லை என்று சத்தியம் செய்யக் கூடாது.

ஓர் ஆய்வறிக்கை கையில் கிடைத்தால் நான்கு விவரங்களைத் தேடிப் பாருங்கள். முதலாவது, எந்தெந்தப் பொருளைத் தேடினார்கள். நூறு மருந்துகளை ஒரே ஓட்டத்தில் பார்க்கும் முறைகள் உண்டு; வரப்புக் களைக்கு அடிக்கும் கிளைபோசேட்டும் அதன் சிதைவுப் பொருளான ஆம்பாவும் அவற்றில் சிக்காது. அவற்றுக்குத் தனி முறை வேண்டும். தனியாகக் கேட்டால்தான் செய்வார்கள். இரண்டாவது, கருவி எந்த அளவுக்குக் கீழே காணாது. கண்டறியும் எல்லை 10 மைக்ரோகிராம் என்றால், 9 இருந்தாலும் அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்றே வரும். மூன்றாவது, மருந்து போட்ட எத்தனையாவது நாள், எந்த இடத்தில் தண்ணீர் எடுத்தார்கள். மருந்து தண்ணீரில் அலையாக வருகிறது: போட்ட சில நாளில் ஒன்று, அடுத்த பெருமழையில் ஒன்று. கோடையில் பம்புசெட்டுத் தொட்டியில் எடுத்த தண்ணீர் அந்த அலையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஜெர்மனியில் 2018, 2019 ஆண்டுகளில் சிற்றோடைகளைக் கண்காணித்தவர்கள், மழை பெய்து நீர்மட்டம் ஏறியவுடன் தானாக மாதிரி எடுக்கும் கருவிகளை வைத்தார்கள். நாள் குறித்துப் போய் எடுத்த மாதிரிகளைவிட அவற்றில் மருந்தின் அளவு மிக அதிகமாக இருந்தது. நான்காவது, மாதிரி எப்படி வந்து சேர்ந்தது. பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், பனிக்கட்டிப் பெட்டியில், தாமதமில்லாமல் வர வேண்டும். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, வெயிலில் பேருந்தில் பயணம் செய்து, அலமாரியில் ஒரு வாரம் கிடந்த தண்ணீரில் மருந்து குறைந்திருந்தால், அது வயலில் குறைந்ததா பாட்டிலில் குறைந்ததா? பைரித்ராய்டு மருந்துகள் புட்டியின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இந்த நான்கும் இல்லாத அறிக்கை வெறும் தாள். மருந்தால் தண்ணீர் கெட்டது என்று நிரூபிக்க அது உதவாததுபோலவே, கெடவில்லை என்று நிரூபிக்கவும் உதவாது.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். 2000ஆம் ஆண்டின் இறுதியில் தெளிப்பு நின்றது. அடுத்த ஆண்டிலேயே எச்சம் இருக்கிறது என்று ஓர் ஆய்வும், இல்லை என்று இன்னோர் ஆய்வும் வந்தன. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம், தெளிப்பு நின்று பல மாதம் கழித்துக் குழந்தைகளின் இரத்தத்தில் எச்சத்தைக் கண்டது. ஆண்டுக்கணக்கில் வாதம் இழுத்தது. உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்தை நிறுத்தியது 2011இல். பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடு என்று கேரள அரசுக்கு உத்தரவிட்டது 2017இல். தெளித்துக்கொண்டிருந்த காலத்திலேயே தண்ணீரையும் மண்ணையும் முறையாக அளந்து வெளியிட்டிருந்தால் அந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

அரசின் அளவுகோலையும் பார்த்துவிடலாம். 2012ஆம் ஆண்டின் ஐ.எஸ். 10500இல் பூச்சிமருந்து அட்டவணை 18 வரிசை. அதில் டிடிடி (DDT) வரிசையில் டிடிஇ (DDE), டிடிடி (DDD) என்ற சிதைவுப் பொருட்களும் சேர்ந்திருக்கின்றன. எண்டோசல்ஃபான் வரிசையில் சல்ஃபேட்டும் இருக்கிறது. சிதைவுப் பொருளையும் எண்ண வேண்டும் என்ற கொள்கையை நம் தர நிர்ணயமே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் குளோர்பைரிபாஸ் வரிசையில் ஆக்சானும் இல்லை, டிசிபியும் இல்லை. இன்று வயலில் விழும் பிரெடிலாகுளோர், ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், கிளைபோசேட் ஆகியவற்றுக்கு வரிசையே இல்லை. பட்டியலில் இல்லாததை யாரும் தேடுவதில்லை. தேடாததால் எதுவும் தென்படுவதில்லை.

இன்னொரு முரண்பாடு மனத்தைச் சுடுகிறது. பாட்டில் தண்ணீரில் பூச்சிமருந்து இருக்கிறது என்று 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிவித்தது. நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே புது வரம்பு நடைமுறைக்கு வந்தது: எந்தத் தனி மருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து 0.5ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவின் அளவும் அதுவே. அங்கே முக்கியமான சிதைவுப் பொருட்களும் அந்தக் கணக்கில் சேரும். பூட்டாகுளோருக்குப் பாட்டிலில் 0.1, குழாயில் 125. 1,250 மடங்கு வித்தியாசம். காசு கொடுத்துக் குடிப்பவருக்கு ஓர் அளவு, கைபம்பில் குடிப்பவருக்கு ஓர் அளவு என்பதற்கு எந்த நச்சியலும் நியாயம் சொல்ல முடியாது.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு: "எல்லாவற்றையும் தேடினால் செலவு தாங்காது, மருந்தை நிறுத்தினால் விளைச்சல் போய்விடும்." மருந்தை நாளையே நிறுத்து என்று நான் கேட்கவில்லை. அளந்து பார் என்கிறேன். அளந்து பார்த்த நாடு ஒன்றில் நெல் அழிந்துபோகவில்லை.

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கும் நெல் நாடுதான்; அங்கே ஏறத்தாழ ஐந்து லட்சம் ஏக்கர் நெல். 1980களின் தொடக்கத்தில் வயல்களிலிருந்து வரும் பெரிய வடிகாலில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. காரணம் மோலினேட் என்ற களைக்கொல்லி. அதே காலத்தில் சாக்ரமெண்டோ நகர மக்கள் குழாய்த் தண்ணீர் கசக்கிறது என்று புகார் சொன்னார்கள். தயோபென்கார்ப் என்ற இன்னொரு களைக்கொல்லி ஆற்றில் கலந்திருந்தது. சுத்திகரிப்பு நிலையத்தின் குளோரின் பட்டு அது வேறு பொருளாக மாறியதே கசப்பு. அங்கே உடல்நலத்துக்கான வரம்பு 70 மைக்ரோகிராம். சுவைக்காகவே 1 மைக்ரோகிராம் என்று தனி வரம்பு வைத்தார்கள். மருந்து போட்ட பிறகு வயல் தண்ணீரை வெளியே விடாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று விதித்து, அளந்து அளந்து அந்த நாட்களைக் கூட்டினார்கள். அது நான்கு வாரம் வரை போனது. ஆற்றில் சேர்ந்த மோலினேட்டின் அளவு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நெல் இன்றும் விளைகிறது.

ஜப்பானில் நெல் வயல் களைக்கொல்லிக்குப் பிறகு ஏழு நாள் தண்ணீரை நிறுத்தச் சொல்கிறார்கள். அங்கேயும் கவனிக்கத் தவறியதற்கு விலை கொடுத்தார்கள். ஷிமானே மாநிலத்தின் ஷின்ஜி ஏரியைச் சுற்றி நெல் வயல்கள். 1993 முதல் அங்கே நியோநிகோட்டினாய்டு மருந்துகள் வந்தன. ஏரியின் மிதவை விலங்குகள் 83 சதவீதம் குறைந்தன; ஆண்டுக்குச் சராசரி 240 டன் கிடைத்த வக்காசாகி மீன் 22 டன்னாகச் சரிந்தது. மருந்து மீனைக் கொல்லவில்லை, மீனின் இரையைக் கொன்றது என்று ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். மீனை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் மருந்து பாதுகாப்பானது என்றே அறிக்கை வந்திருக்கும்.

காவிரி டெல்டாவில் நான்கு வாரம் தண்ணீரை நிறுத்த முடியுமா? சம்பாப் பருவத்தில் ஐப்பசி அடைமழை வரப்பை மூழ்கடிக்கும்போது யாராலும் முடியாது. அதனால்தான் இங்கே அளவீடு இன்னும் அவசியம். மழை அறிவிப்பு இருக்கும் நாளில் மருந்து விசிறாதே என்பது ஓர் அறிவுரை. எந்த மருந்து எத்தனை நாளில் எந்த அளவுக்கு இறங்குகிறது என்ற உள்ளூர் எண் இல்லாமல் அந்த அறிவுரைக்குப் பல் இல்லை. இதில் விவசாயி குற்றவாளி அல்ல. அவர் சொன்னபடி செய்தவர். சொன்னவர்கள்தான் பாதியைச் சொல்லவில்லை.

செலவு என்பவர்களுக்கும் பதில் உண்டு. ஆயிரம் மருந்தைத் தேட வேண்டாம். ஒரு வட்டாரத்தில் எது விற்கிறது என்பது மருந்துக்கடைப் பதிவேட்டில் இருக்கிறது. அதிகம் விற்கும் பத்தை எடுங்கள். அவற்றின் முதன்மைச் சிதைவுப் பொருட்களைச் சேருங்கள். மருந்து விசிறிய முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முதல் பெருமழை ஆகிய ஐந்து வேளையில் மடைவாயிலும் வடிவாய்க்காலிலும் தண்ணீர் எடுங்கள். எதைத் தேடினோம், எதுவரை காண முடியும், எப்போது எடுத்தோம் என்பதோடு முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். ஐ.எஸ். 10500 பட்டியலை வயலில் இன்று விழும் மருந்துகளுக்கு ஏற்ப மாற்றி எழுதுங்கள். பாட்டிலுக்கு வைத்த வரம்பைக் குழாய்க்கும் வையுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்திடம் உழவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: களைக்கு எத்தனை நாள் என்று சொன்னீர்கள், தண்ணீருக்கு எத்தனை நாள்?

அந்தப் பதில் எண்ணாக வரும்வரை, நம் வயல் தண்ணீர் சுத்தம் என்று சொல்லும் தகுதி அரசுக்கும் இல்லை, ஆய்வகத்துக்கும் இல்லை, மருந்து விற்பவருக்கும் இல்லை. அடுத்த முறை யாராவது "சோதித்தாயிற்று, ஒன்றும் இல்லை" என்றால் விட்டுவிடாதீர்கள். எதைத் தேடினீர்கள், எப்போது தேடினீர்கள், எதுவரை தேடினீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், சோதனை இன்னும் நடக்கவே இல்லை.